இரண்டு மணிக்கு

பொருத்த வந்த அன்று வெஸ் கேட்டான்:
வீட்டில் யாரும் தண்ணீர் திறக்காத நேரம் எது?
ராத்திரி இரண்டு என்றேன்.
அப்போது நான் பனி வழிக்கும் வண்டி ஓட்டவில்லை.
லைல் இங்கே இருந்தான்.

இப்போது
ஸஸ்காட்சுவானில் பாதிச் சாலையை வழித்துப் போட்டுவிட்டு
பூட்ஸைக் கழற்றும்போதுதான்
நிலவறையில் அது தொண்டையைச் செருமுகிறது.

வால்வு திரும்புகிறது.
பகலெல்லாம் மேலிருந்து இறங்கிய நீர்
கீழிருந்து மேலே புறப்படுகிறது.
இறுகிக் கிடந்த மணல்
உலையில் அரிசி போல் எழும்பிப் புரண்டு
மூன்று நாளாய்ப் பிடித்துவைத்த துருவை
விட்டுவிடுகிறது.
கனத்தது தங்கும், லேசானது போகும்.
வேறு சூத்திரம் கிடையாது.

வடிகால் குழாயில் முதலில் தேநீர் நிறம்,
பிறகு வைக்கோல் நிறம்,
பிறகு
நிறமே இல்லை.

ஒருமுறை பொறுக்காமல் குழாயைத் திறந்தேன்.
வடிகட்டாத கிணறு நேரே வந்தது.
ஆணியைச் சப்பியது போல் வாயெல்லாம் இரும்பு.
லைல் விட்டுப்போன வெள்ளைச் சட்டை
தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது;
அதன் காலரில் இன்னும் ஒரு செம்பழுப்புக் கோடு.

"டோரீன், கடிகாரத்தை நான்குக்கு மாற்றிவிடவா?"
வேண்டாம், வெஸ்.

ஈரக் காலுறையோடு படியில் உட்கார்ந்து கேட்கிறேன்.
தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.
பொய்.
கழுவுவது என் கிணறு.
பம்புக்குக் கரண்ட் பில் கட்டுவது நான்.

டக்கென்று வால்வு திரும்புகிறது.
எழுந்துபோய்க்
கெட்டிலை வைக்கிறேன்.