படிவம் ஏழு

ஊரின் பெயர் என்ற கட்டத்தில்
செயலகத்தார் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள்: உறுகல்மலை.
காணிக் கந்தோரின் பழைய தாளில் அது குரங்கடிச்சேனை.
இருப்பவர்களைக் கேட்டால் "மேல" என்கிறார்கள்.
மேல போறன். மேல மழை. மேல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்.
மிச்ச உலகம் முழுக்கக் கீழ.

மூதூரிலிருந்து தூரம்: முப்பத்தொரு கிலோமீற்றர்.
அதில் பன்னிரண்டு தார்,
ஒன்பது கிரவல்,
ஆறு மணல், மழை பெய்யாவிட்டால்.
மீதி நாலுக்கு என்ன எழுதுவது?
பாலைமர வேர்களைப் பிடித்து ஏறும் இடம் அது.
யானை நேற்று நடந்திருந்தால் வழி.
இன்று நடந்துகொண்டிருந்தால் வழி இல்லை.
மோட்டார் சைக்கிளைத் தவராசாவின் கடையில் விட்டுவிட்டுச்
சப்பாத்தைக் கையில் எடுத்தேன்.

குடும்பங்கள்: பதினேழு.
ஆட்கள்: அறுபத்து மூன்று என்று எழுதப் போகையில்
"கோணாமலையையும் சேர்த்தோ, மிஸ்?" என்றாள் பாலாத்தை.
அவன் தேனுக்குப் போய்ப் பத்தொன்பது நாள்.
உலையில் அவனுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறாள்.
எண்ணுவதென்றால் மட்டும் யோசிக்கிறாள்.
பென்சிலால் எழுதினேன்.

தொழில்: விவசாயம், மீன்பிடி, அரச உத்தியோகம், வேறு.
மார்கழியில் சேனைக் காவல்,
வெயில் ஏறினால் தேன்,
கச்சான் காற்றுக்குக் கீழே வாடியில் கரைவலை இழுப்பு,
இடையிடையே பசி.
எல்லோரையும் 'வேறு'க்குள் போட்டேன்.
அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அத்தனை பேரும்
முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

மலசலகூடம்: ஆறு. கூரையோடு இரண்டு.
கூரையில்லாத ஒன்றில் மிளகாய் காய்கிறது.
பாடசாலை: கீழ.
மருந்து: கீழ.
"கள்ளரும் கீழதான், அதையும் எழுதுங்கோ" என்றான் வயிரன்.
அதற்குக் கட்டம் இல்லை.

தொலைபேசித் தொடர்பு: உண்டு, ஒரு பாறையில்.
இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் இன்னும் நல்லாக் கேட்கும் என்றார்கள்.
பகிடி என்று விளங்குவதற்குள்
மூன்று தரம் தூக்கிவிட்டேன்.

அன்று வழி இல்லாமல் போயிற்று.
வேர்களின் அடியில் மரம் முறியும் சத்தம்.
வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று
பாலாத்தையோடு இருட்டில் பாறைக்கு ஏறினேன்.
கொட்டியாரக் குடா ஒரே கறுப்பு.
அதற்கு அப்பால் திருகோணமலை,
யாரோ மடிச் சில்லறையைத் தவறவிட்ட மாதிரி.

"அங்கதான் என்ர வீடு" என்றேன், பெரிதாக.
"தெரியும். நாங்க எண்ணுறனாங்க."

எதை?

"வெளிச்சத்தை. கப்பல் சேர்க்கிறேல்ல, அதுகள் நில்லாது."
தொண்ணூறில் ஒரு மாதம் முழுக்க ஒன்றுமில்லையாம்,
அது தாய் எண்ணிய கணக்கு.
கடல் ஏறின வருசம், அந்த இரவு, ஒன்பது.
"ஒன்பதையும் ஆள் மாறி ஆள் விடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தம்.
ஒண்டையும் அணைய விடேல்ல."
பெற்றோல் வரிசைக் காலத்தில்
நேரத்துக்கு நேரம் பாதிப் பட்டினம் காணாமல் போய்த் திரும்பி வந்ததில்
கணக்குப் பிழைத்துவிட்டது.
"பிறகு முதல்ல இருந்து தொடங்கினம்."

அவள் உதடு அசைவதைப் பார்த்தேன்.
உப்புவெளிப் பக்கம் முடிந்து
கோணேசர் மலைக்கு வருவதற்குள் நான் தூங்கிப்போனேன்.

படிவம் பத்தாம் நாள் திரும்பி வந்தது,
சிவப்பு மையில் ஒரு வரியோடு:
ஆட்தொகையைப் பேனாவால் நிரப்பவும்.
அது இன்னும் என் மேசையில் கிடக்கிறது.

ஓர்ஸ்ஹில்லில் எங்கள் மாடிப்படிக்கு மேலே
தெற்குப் பார்த்து ஒரு குமிழ் இருக்கிறது.
இரவில் அந்தப் படியில் ஒருவரும் ஏறுவதில்லை.
மீற்றர் வாசிக்க வந்த பெடியன் போன மாதப் பில்லைப் பார்த்துவிட்டு,
ஏன் அக்கா இது விடியவிடிய எரியுது என்றான்.

கணக்குக்கு, என்றேன்.