எட்டு ஒன்பது ஒன்பது ஒன்று

சமீமா கேட்டது போன் நம்பரை அல்ல.
பத்து இலக்கத்தையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும்
"அது இல்லக்கா, சிம்மோட நம்பர்" என்றாள்.
சிம்முக்கென்று தனியாக ஒன்றா?
எட்டு வருசமாய் அவரைக் கூப்பிட்ட எண்ணுக்கு அடியில்
இன்னோர் எண் கிடக்கிறதாம்.
அதை டயல் செய்ய முடியாது.

மண்டபம் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கடை.
என் விரலில் நண்டு வாடை,
கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லி வந்திருந்தேன்.
எமரிட் உள்ளே வரவில்லை, வெயிலில் நின்றார்.
யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி ஒன்பது நாள்.
போட் அங்கே. வலை அங்கே.
போன் ஏதோ ஒரு பாலித்தீன் பையில்
அரக்கு முத்திரையோடு அங்கே.

யாரோ சொன்னார்கள் என்று
என் போனில் ஸ்டார், ஹேஷ், சைபர், ஆறு, ஹேஷ் அழுத்தினேன்.
பதினைந்து இலக்கம் வந்தது.
"அது போன் பெட்டியோட நம்பர்க்கா.
சிம்மு அட்டைக்கு வேற."
தாலிக்கொடி ஊக்கைக் கழற்றி
ஓரத்து ஓட்டையில் குத்தச் சொன்னாள்.
சின்ன இழுப்பறை நாக்கை நீட்டியது.
நகத்தளவு அட்டை. அதன் முதுகில்
சினை நண்டின் முட்டை போலப் பொடிப்பொடியாய் எண்கள்.
ஓட்டுக்குள்ளிருந்து சதையை நார்நாராய்ப் பிரிக்கிறவள் நான்,
எனக்கே கண் கூசியது.

எண்பத்தொன்பது என்றால் போன் தொழில்.
தொண்ணூற்றொன்று நம் நாடு.
அப்புறம் கம்பெனி, அப்புறம் இந்த அட்டை, இது ஒன்றே ஒன்று.
கடைசி இலக்கம் மற்றதையெல்லாம் கணக்குப் பார்த்து
தப்பில்லை என்று சொல்லுமாம்.
"அப்ப சிலோனுக்கு?"
"தொண்ணூத்தி நாலு."

மூன்றுதான் வித்தியாசம்.
வடகடலில் நடுச்சாமத்தில்
போன் தானாக அந்தக் கரை டவரைப் பிடித்து
நல்வரவு என்று செய்தி காட்டும் என்பார்.
அன்றைக்கும் காட்டியிருக்கும்.

பழைய அட்டையின் எண் இருந்தால்
வேலை சீக்கிரம் முடியும் என்றாள்.
அட்டையே அக்கரையில். எண்ணுக்கு எங்கே போக?
அப்போதுதான் வெயிலில் நின்றவர் வாய் திறந்தார்:
"நூல் சுத்தி வச்சிருக்கேன்ல, அதுல இருக்கும்."

சிம்மை ஒடித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற
பெரிய பிளாஸ்டிக் சட்டம். நடுவில் ஓட்டை.
வலை பொத்துகிற நைலான் நூலை
அதில்தான் சுற்றியிருந்தார் இத்தனை வருசம்.
வீட்டுத் தரையில் உட்கார்ந்து அவிழ்த்தேன்.
பச்சை நூல் மடியில் குவிந்தது.
எட்டு, ஒன்பது, ஒன்பது, ஒன்று,
ஓட்டைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.
போனில் சமீமாவுக்கு வாசித்தேன்.
அவள் திருப்பி வாசித்தாள்.

அங்கே அவர்களையும் எண் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம்.
உங்களுக்கு என்ன எண் என்று கேட்டேன்.
"ஞாபகம் இல்ல" என்றார்.
பார்வை தண்ணீர் டிரம்மின் மேல் இருந்தது.

சாயங்காலம் கடன் வாங்கிய போனில் புது அட்டை.
முதல் நான்கு இலக்கம் மட்டும் அதே,
பின்னால் எல்லாம் வேறு.
என் போன் அடித்தது. திரையில் எமரிட்.
வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு
"கேக்குதா?" என்றார்.
இரண்டு காதிலும் கேட்டது.
"கேக்குது" என்றேன்.
மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.
இரண்டு பேருமே வைக்கவில்லை.

ராத்திரி பார்த்தேன்,
மடியிலிருந்து நான் இறக்கி வைத்த நூலை எடுத்து
அதே சட்டத்தில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார்,
எண் மறையும்வரை, நெருக்கமாக.
பொத்துவதற்கு வலை இல்லை.