நாலாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்

ஏசியை அணைக்கிறேன்.
ஆகஸ்ட். ராத்திரி ஒன்றே கால். ஷார்ஜா, ரோலா,
ஐந்தாம் மாடியில் நாலு கட்டில் அறை.
இரண்டு பேருக்கு நைட் டூட்டி.
ரிஃபாயி மட்டும் மேல்கட்டிலில்
பனியனைக் கழற்றியபடி,
"சீக்கிரம் முடிங்கண்ணே, வெந்துருவேன்."

ஃப்ரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கியாயிற்று.
கீழே தண்ணீர் மோட்டார் ஓடுகிறது.
அது நிற்கும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை.

நின்றது.

பலகையில் இரண்டு சிலிக்கான் காதுகள்.
தலை கிடையாது, நடுவே ஒரு மரக்கட்டை.
துளைக்குள் உளுந்தளவு மைக்.
அதற்கு மாட்டிவிடுகிறேன்
அல் கூஸிலிருந்து ஒரு பிலிப்பினோ நர்ஸ் விற்கும்
பிளானர் மேக்னெட்டிக் ஹெட்ஃபோனை.
வாங்கப்போகிறவர் அபுதாபியில்.
நடுவில் நான்,
முப்பது திர்ஹமுக்கு "நல்லதுதான்" என்றோ
"வேண்டாம்" என்றோ சொல்கிறவன்.

இதற்குள் கூம்பு இல்லை.
ஊதினால் கிழியும் ஒரு படலம்,
அதன்மேல் மடிந்து மடிந்து ஓடும் அலுமினியக் கோடு,
இருபுறமும் காந்தப் பட்டைகள்.
மின்சாரம் பாய்ந்தால் மூலை நடு என்றில்லாமல்
மொத்தப் படலமும் சேர்ந்து அசையும்,
ஜும்ஆவில் ஒரு வரிசை குனிவதுபோல.

ஸ்வீப்.
இருபது ஹெர்ட்ஸில் புறப்பட்டு
பன்னிரண்டு விநாடி ஏறுகிறது.
வியர்வை சொட்டினால்கூட
கிராஃபில் தெரியும் என்று
நெற்றியை முழங்கையால் ஒற்றிக்கொள்கிறேன்.

இடது: ஆயிரம்வரை
அல் அய்ன் போகும் ரோடு மாதிரி, வளைவே இல்லை.
பிறகு நாலாயிரத்தில் ஒரு மேடு,
எட்டு டெசிபல்.
வலதும் அப்படியே.
ஆனால் அறுபது ஹெர்ட்ஸ் பக்கம்
டிஸ்டார்ஷன் கோட்டில் ஒரு முள் நிற்கிறது.

எட்டு டெசிபல் மேடு என்றால்
பித்தளைத் தட்டைக் கரண்டியால் சுரண்டுவதுபோல் இருக்கும்,
காது கூசும். எழுத வேண்டியது அதுதான்.
எழுதுமுன் மாட்டிப் பார்த்தேன்.

கூசவில்லை.
பாடுகிறவள் 'ச' சொல்வதும் 'ஷ' சொல்வதும்
வேறு வேறாக வந்தன.
எத்தனை வருஷம் ஆயிற்று.

ருவைஸில் ஆறு வருஷம் கம்ப்ரஸர் ஹவுஸ்.
கிளம்பும்போது எடுத்த மெடிக்கலில்
என் காதுக்கும் ஒரு கிராஃப் கொடுத்தார்கள்:
நாலாயிரத்தில் பள்ளம், நாற்பது டெசிபல்.
எட்டு நாற்பதை நிரப்பாது, கணக்கு தெரியும்.
ஆனாலும் குழியில் விழுந்த முதல் லோடு மண்ணின் சத்தம்
குழிக்குத்தானே தெரியும்.

ஒன்பதாயிரத்துக்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை.
அதற்குத்தான் ரிஃபாயி.
இருபத்திரண்டு வயசு, கஃப்டீரியாவில் சாய் அடிக்கிறான்.
அவன் தலையில் மாட்டி
முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"வருதா?"
"வருது."
"இப்ப?"
"கொசு மாதிரி."
"இப்ப?"
ஒற்றைக் கண்ணைச் சுருக்குகிறான். பதினாறாயிரம்.
இரண்டு அடி தூரத்தில் இன்னும் ஒருவனுக்கு
உலகம் முடியவில்லை.

பேஸுக்குத் திரும்பியதும்
"வலதுல என்னமோ உரசுதுண்ணே,
பேப்பர்ல ஈ உட்கார்ந்த மாதிரி."
அந்த முள்.

நாலு திருகு. பஞ்சு. வலை.
டார்ச்சைச் சாய்த்தால் தெரிகிறது:
படலத்தைத் தொட்டபடி ஒரு முடி,
மருதாணிச் சிவப்பு, சுருண்டது.
நர்ஸுடையதா, அதற்கு முந்தினவருடையதா.
எத்தனை பாட்டுக்கு அது கூடவே ஆடியதோ.
ட்வீசரில் எடுத்து,
ஏனோ குப்பையில் போடாமல்
ரீசார்ஜ் கார்டின்மேல் வைத்தேன்.

மறுபடி ஸ்வீப். முள் போய்விட்டது.
மேடு போகவில்லை. அது அதன் பிறவி.

அபுதாபிக்காரர் தூங்கவில்லை.
"சவுண்டு எப்படிங்க?"

'பேஸ் சுத்தம். மேலே கொஞ்சம் கூசும்' என்று அடித்து,
'கூசும்' என்பதை அழித்து, மறுபடி அடித்து,
முழுவதையும் அழித்துவிட்டு
கேட்டேன்:
"அங்கே உங்களுக்கு என்ன வேலை?
மெஷின் பக்கமா?"

இரண்டு நீல டிக்.
எழுதுகிறார். நிறுத்துகிறார். எழுதுகிறார்.
என்னைக் கேட்காமலே ரிஃபாயி
ஏசியைப் போட்டுவிட்டான்.