பாலியாற்றோடு ஒரு லீவு நாள்

பதினேழு வருசமாய் வவுனியா – யாழ்ப்பாணம் ஓடுகிறவன்.
நாளைக்கு இரண்டு தரம் கிளிநொச்சியில் யாரையாவது திட்டுவேன்.
'லீவிலும் றோட்டோ?' என்றாள் மனிசி.
இது வேற றோட்டு என்றேன். நம்பவில்லை.
புட்டும் சம்பலும் கட்டித் தந்தாள், அவ்வளவுதான்.

வவுனிக்குளம் அணையில் விடிகிறது.
எனக்கு மகளின் சைக்கிள், முன்கூடை ஊதா.
கொண்டக்டர் யூட்சனுக்கு
மச்சானிடம் இரவல் வாங்கின பழைய லுமாலா.
நீர் ஓரத்தில் ஒரு கொக்கு
தூக்கின காலை எங்கே வைப்பதென்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

இந்தப் பாதையில் வான் என்றால்
குளம் நிரம்பி வழிகிற இடம்.
பின்னுக்கு லைற் அடித்து
வழி கேட்கிற வான் இல்லை.
மூன்றாவது வான் தலைக்கு மேலே,
அதில் ஒரு பருந்து, வலப்பக்கமாய் முந்துகிறது.

முதல் வளைவிலேயே
வலக்கண் தன்பாட்டில் போய்க்
கண்ணாடியைத் தேடியது.
அந்த இடத்தில் என் முழங்கை,
அதற்கப்பால் பாலைமரம்.
'பதினொரு தரம் பாத்திட்டியள் அண்ணை'
என்றான் யூட்சன்.
காசு எண்ணுகிறவன்,
எதையாவது எண்ணத்தான் வேணும் அவனுக்கு.

ஆறு பக்கத்தில்தான் வருகிறது, பேச்சில்லை.
ஆடி மாசம். மணலாய்ப் படுத்திருக்கிறது.
மருதமர வேருக்கடியில் மட்டும்
தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம்.

பாதை நடுவில் யானை லத்தி,
இன்னும் ஆவி பறக்கிறது.
'இரவுச் சேவை இப்பதான் போயிருக்கு.'
சிரித்துவிட்டு இரண்டு பேரும்
கொஞ்சம் வேகமாய் மிதித்தோம்.

பிறகு ஒரு மரத்தில் மண்டையோட்டுப் பலகை,
சிவப்பு வெளிறி ரோசாவாய்.
எல்லாம் எடுத்தாயிற்று, தெரியும்.
தெரிந்தும் தடத்தின் நடுவுக்கு வந்தோம்.
அடுத்த பலகை வராத வரைக்கும்
ஒன்றும் கதைக்கவில்லை.

மாடுகள். முப்பது இருக்கும்.
கை போனது ஹோனுக்கு;
கிடைத்தது மகளின் மணி. கிணிங்.
ஒரு நாம்பன் திரும்பி என்னைப் பார்த்தது,
கூடையைப் பார்த்தது, மறுபடி நடந்தது.
இறங்கி நின்றேன்.
ஒரு மாட்டுக்கு அது கேட்ட நேரம் முழுவதையும்
கொடுத்தது அன்றைக்குத்தான்.

உடைமுள் குத்தினது யூட்சனின் பின்சில்லில்.
ரியூப்பை ஆற்றுக்குழியில் அமிழ்த்தினோம்.
ஓட்டை குமிழ் குமிழாய்ச் சொன்னது தான் எங்கே என்று.
ஒரு மீன்குஞ்சு கிட்ட வந்து
மணந்து பார்த்துவிட்டு ஓடியது:
நேற்று மல்லாவியில் அடித்த காற்று.

பதினொன்றரைக்கு ஏ முப்பத்திரண்டு.
காடு திறந்த இடத்தில் கறுப்பாய், மினுக்கமாய்,
குறுக்கே கிடந்தது.
மன்னாரில் இருந்து ஒரு பஸ், எண்பதில்.
சாரதி கையை உயர்த்தினான்,
என்னைத் தெரிந்து இல்லை, விலகச் சொல்லி.
ஹோன் நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்தது.
அதன் காற்று எங்களை
ஒரு முழம் மண்ணுக்குள் தள்ளியது.
யூட்சன் தூசியைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.
'நாங்களும் இப்பிடித்தானோ அண்ணை?'

கூடைக்குள் புட்டுப் பார்சல்
குப்புறக் கவிழ்ந்து கிடந்தது.
அதை நிமிர்த்தி வைக்க எனக்கு
நிறைய நேரம் எடுத்தது.

அங்கிருந்து உப்புவெளி,
பிறகு கண்டல், சேற்று மணம்.
ஆறு கடலுக்குப் போகவில்லை.
நூறு யார் இருக்கவே நின்றுவிட்டது,
பச்சைக் குட்டையாய், கார்த்திகை மழையைப் பார்த்தபடி.
சைக்கிள்களைத் தோளில் தூக்கினோம்.
மிச்சத்தை நாங்கள் போனோம்,
மணல்திட்டில் ஏறி, சறுக்கி, மறுபடி ஏறி.

கடல் தட்டையாய் இருந்தது.
வலக்கால் இன்னும் எதையோ மெல்ல
அமத்திக்கொண்டிருந்தது, மணலை.

தேவன்பிட்டிப் பக்கத்தில்
நண்டுவலை துப்புரவாக்கிக்கொண்டிருந்த ஒருத்தி,
பிலோமினா என்று படகில் எழுதியிருந்தது,
அவளா அவள் தாயா தெரியாது,
நிமிர்ந்து கேட்டாள்:
'எந்த றோட்டாலை வந்தனியள்?'
'ஆத்தாலை' என்றான் யூட்சன்.
அவள் எங்கள் சேற்றுக் கால்களைப் பார்த்தாள்,
ஊதாக் கூடையைப் பார்த்தாள்.

'ஏன், பஸ் ஒண்டும் கிடைக்கேல்லையோ?'