ஹாரனை விடாத கை

போஸ்னானுக்கு வெளியே, பழைய சர்க்கரைக் கிடங்கில்
ஒட்டுப்பலகையால் ஒரு எஞ்சின் அறை
செய்து வைத்திருக்கிறோம்.
கண்ணாடி இல்லை. கீழே தண்டவாளம் இல்லை.
எதிரே சுண்ணாம்பு உதிரும் சுவர்,
அதில் யாரோ கரியால் கிறுக்கிய லாரி.

விடுப்பு நாளில் ஓட்டுநர்கள் வருகிறார்கள்.
நான் மேசையைத் தட்டினால்
லாரி குறுக்கே வந்துவிட்டது என்று பொருள்.
பிரேக்கை இழுத்து, எழுந்து, திரும்பி,
பின்கதவு வழியே இயந்திர அறைக்குள் ஓட வேண்டும்.
ஸெனோனுக்கு நாலரை நொடி;
கதவுக் கொக்கியில் கோட்டு மாட்டிக்கொண்டது.
கொக்கியை இடம் மாற்றினோம்.
லுட்மிவா, நாலு. முழங்கால் சாப்பாட்டுப் பெட்டியில் இடித்தது.
அவள் சொன்ன வார்த்தையை விட்டுவிட்டு
பெட்டியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரும்பு எனக்குத் தெரியும்.
மூக்குக்குள் வைத்த பெட்டிகள் எந்த அடியில் மடியும்,
துருத்தி மாதிரி எத்தனை மடிப்பு,
மடிந்த பிறகு மேசைக்கும் இருக்கைக்கும் நடுவில்
ஒரு மனிதனுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்.
நசுங்குவதற்கென்றே செய்த இரும்பு அது,
சொன்ன பேச்சு கேட்கும்.

வித்தோல்ட் ஸரெம்பா எழவே இல்லை.
தட்டினேன். பிரேக்கை இழுத்தார்.
வலது கை ஹாரனில் அழுந்தியே இருந்தது
(பலகையில் திருகிய மரக்கட்டைதான் அது).
ஐந்து. ஏழு.
ஒன்பதில் கடிகாரத்தை நிறுத்தி
"செத்துவிட்டீர்கள்" என்றேன்,
எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வதுதான்.
"லாரிக்குள் ஆள் இருக்கிறானே" என்றார்.
"கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடும்.
போன மார்ச்சில் ஒருவன் சத்தம் கேட்டுத்தான்
குதித்து ஓடினான்."
அவர் இடுப்பில் இரண்டு ஆணிகள் இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.

அன்றிரவு வரைபடத்தில் ஒரு குழாய் சேர்த்தேன்.
பிரேக்கைக் கடைசிவரை இழுத்தால்
ஹாரன் தானே பிடித்துக்கொள்ளும்,
வண்டி நிற்கும்வரை விடாது.
செலவு எவ்வளவு என்றார் மேலதிகாரி.
ஒரு வால்வு, ஒன்றரை மீட்டர் குழாய்.
பிறகு பேசலாம் என்றார்.

வியாழக்கிழமை வித்தோல்ட்டை மறுபடி அழைத்தேன்.
ஒட்டுப்பலகைக்கு ஏது காற்று?
நானே ஊதினேன், வாயால்,
நாற்பத்தாறு வயதுப் பொறியாளர், கன்னம் உப்ப.
பிரேக்.
அவர் கை கட்டையைத் தேடிப் போய்
பாதியில் நின்றது.
எழுந்தார். இடுப்பு ஒரு பக்கம் இழுக்க ஓடினார்.
கதவருகே ஒரு கணம்
காது கொடுத்து நின்றார்.
நான் விடவில்லை.
கடிகாரத்தை அழுத்த மறந்துபோனேன்.
கூரையில் புறாக்கள் கலைந்தன.
மூச்சு தீர்ந்தபோது
கதவு சாத்தியிருந்தது.