வெறி முறிவு

தொங்கு ரயில் போகிறது.
யன்னலுக்கு வெளியேயா மண்டைக்குள்ளேயா,
வூப்பர்டாலில் இன்று எனக்குத் தெரியாது.

குகதாஸ் ஃபோனில் சொன்ன
உப்புத் தேசிக்காய்த் தண்ணி
போன வழியே வந்தது.

மேல்மாடி யுர்கன் கதவைத் தட்டி
ஒரு போத்தலை நீட்டினான்:
வெள்ளரிக்காயைச் சுற்றிய புளித்த மீன்.
"இதுதான் மருந்து."
வாசத்திலேயே வயிறு புரண்டது.

ஃபிரிட்ஜில் நேற்றைய சோறு.
தண்ணி விட்டு, வெங்காயம் நறுக்கி,
பச்சைமிளகாய் இல்லாத குறைக்கு
அவன் மீனையே கடித்துக்கொண்டேன்.

ஐயோ, என்ன ருசி!

அவன் போகவில்லை.
தலையை இரண்டு கையாலும் தாங்கியபடி
என் கோப்பையையே பார்த்தான்.
இரவு மூன்றாவது போத்தலைத்
திறந்தவனும் அவன்தானே.

மிச்சப் பழந்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன்.
இனித் தொடமாட்டோம் என்று
இருவருமே சொல்லவில்லை.