நிலைத்த படம்

மார்ச் மாதம். பெர்கனில் வழக்கமான மழை.
ஜப்பானின் வடகிழக்குக் கரையில்
கடல் ஒரு தொழிற்சாலைக்குள் புகுந்த ஒன்பதாம் நாள்
எங்கள் அலமாரியில் புது டேப் தீர்ந்துபோனது.
பார்த்தாயா, உலகம் எப்படிக் கோத்துக் கிடக்கிறது
என்று சிரிக்கப் போன எய்வின்ட்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
செய்தியில் கூரைகள் மிதந்துகொண்டிருந்தன.

லண்டனில் ஒரு வியாபாரியிடம் மூன்று இருந்தன.
ஒன்றின் விலைக்கு என் காருக்கு
நான்கு பனிக்கால டயர் வாங்கலாம்.
ஓஸ்லோவுக்கு இதெல்லாம் தெரியும்.
ஆனாலும் ஒப்பந்தம், பதினோராம் பிரிவு:
டேப்பில் தந்தால்தான் தந்ததாகக் கணக்கு.
வெள்ளிக்கிழமை, மாலை நான்குக்குள்.

கீழ் அறையில் ஒரு பழைய டேப் கிடைத்தது.
முதுகில் என் கையெழுத்து:
சால்மன் பண்ணை, வெட்டியவை, வேண்டாம்.
வேண்டாம் என்று எழுதிய கைக்கே
அழிக்க மனம் வரவில்லை.
கோப்பாக எடுத்து வைத்துவிடுகிறேன் என்றேன்.
ஐம்பத்தெட்டு நிமிட டேப்புக்கு
ஐம்பத்தெட்டு நிமிடம் ஆகும்.
அதனிடம் பேரம் படியாது.

ஆகவே பார்த்தேன்.
ரப்பர் பூட்ஸோடு துர்டிஸ்,
கேமரா ஓடுகிறதா என்று
எத்தனை முறை கேட்கிறாள்!
ஓடவில்லை என்று நாங்கள் பொய் சொன்ன ஒருமுறை மட்டும்
கணவனைப் பற்றிப் பேசுகிறாள்:
முப்பது வருடம் கடலில் கிடந்தும்
சூப்பில் உப்புப் போடத் தெரியாதவன்.

அதனால்தான் வெட்டினோம்.
அழித்துவிடுகிறோம் என்று அவள் வாசலில்
நனைந்தபடி வாக்கும் கொடுத்திருந்தோம்.

பிறகு அதன் மேலேயே புதுப் படத்தை ஏற்றினேன்.
வண்ணப் பட்டைகள், ஒற்றை ஊதல், கருப்பு,
பத்து மணியில் தொடங்கும் டைம்கோடு.
முப்பத்தோராம் நிமிடத்தில் ஒரு வெள்ளைக் கீறல்,
மீன் செதில் ஒட்டியதுபோல.
அந்த இரண்டு நொடியை மட்டும் மறுபடி பதித்தேன்.
இருபுறமும் எதுவும் அசையவில்லை.
கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காற்று. விமானம் ரத்து.
மலை ரயில் எங்கோ பனியில் நின்றுவிட்டது.
மூன்றரைக்கு ஹல்வார்ட் போனில் கத்தினார், கெஞ்சினார்,
பிறகு வேறொரு குரலில், அப்படியா, என்றார்.
கோப்பாகவே அனுப்பலாமாம்.
பதினோராம் பிரிவுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இரவெல்லாம் ஏறியது.
சதவீதத்தைப் பார்த்தபடி எய்வின்ட்
நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.
படத்தை யாரும் பார்க்கவில்லை.
அந்தப் பக்கம் பார்த்ததும் ஒரு மென்பொருள்தான்.
காலையில் அதன் அறிக்கை:
நாற்பத்து நான்காம் நிமிடம், நிலைத்த படம்,
பதினான்கு நொடி, நிராகரிக்கப்பட்டது.

தெரியும் அந்த இடம்.
கேமரா ஓடுகிறது என்று சொல்லிவிட்டே
கணவனைப் பற்றிக் கேட்கிறோம்.
துர்டிஸ் எங்களைப் பார்க்கிறாள்.
கம்பளிச் சட்டையின் கழுத்து ஏறி இறங்குவது தெரிய
திரைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.
காரணம் கேட்ட கட்டத்தில் எழுதினேன்:
பிழை அல்ல. பதில் சொல்லாமல் இருக்கிறார்.
பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம்தான் மற்றது ஞாபகம் வந்தது.
டேப்பில் அது இல்லை.
அதன் மேல் இப்போது
யாரும் வாங்கிக்கொள்ளாத ஒரு முழுப் படம்.
கோப்பைத் தேடி அழிக்கப் போனேன்.
உறுதியா என்றது திரை.
உறுதி.
இரவோடு இரவாக இன்னும் இரண்டு இடங்களில்
நகல் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னது,
ஏதோ உதவி செய்ததுபோல.
சாவி ஹல்வார்டிடம். திங்கட்கிழமை கேட்க வேண்டும்.
என்னவென்று சொல்லிக் கேட்பது?

அதுவரை
பூட்டிய இரண்டு அறைகளில்
அந்தச் சூப்பில் உப்பு இல்லை.